மசூர்க்கா முதல் குரெட்ஸ்கி வரை: போலந்து ஒலிப்பதிவுகளில் நாட்டுப்புறத் தாளம் எங்கே கேட்கிறது?

திஸ்ரநடை (இழையைத் தொடங்கியவர்)

போலந்து இசையமைப்பாளர் ஷோபானின் மசூர்க்காக்களுக்கு (நடனத் தாளத்தில் அமைந்த பியானோ துண்டுகளுக்கு) எந்த ஒலிப்பதிவு நல்லது என்று யாராவது கேட்டால் பதிலாக வருவது பெரும்பாலும் பியானோ கலைஞர்களின் பெயர்ப்பட்டியல்தான். பெயர்களைவிட ஒரு சோதனை கையில் இருந்தால் நல்லது. இந்த இழையை அதற்காகவே தொடங்குகிறேன்: நடனம் தெரிந்த ஒருவர் இந்தப் பதிவைக் கேட்டால் கால் எடுத்து வைக்க முடியுமா?

அடிப்படை இது. மசூர்க்கா என்ற தலைப்புக்குள் மூன்று நாட்டுப்புற நடனங்கள் கலந்திருக்கின்றன. மெதுவானது குயாவியாக், நடுத்தர வேகம் மசூர், மிக வேகமாகச் சுழல்வது ஒபெரெக். மூன்றுமே மூன்றடித் தாளம். ஆனால் அழுத்தம் வால்ட்ஸ் போல முதல் அடியில் உட்காராது. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும், சுற்றுக்குச் சுற்று இடம் மாறவும் செய்யும். ஷோபான் ஒரே துண்டுக்குள் இரண்டு நடனங்களைக் கூட அடுத்தடுத்து வைப்பார்.

சோதனைக்கு மூன்று துண்டுகள் போதும் (‘ஓபஸ்’ என்பது படைப்பு வரிசை எண்). ஓபஸ் 33-இன் டி மேஜர்: ஒபெரெக் சுழற்சி. ஓபஸ் 17 எண் 4, ஏ மைனர்: குயாவியாக்கின் சோகம். ஓபஸ் 7 எண் 1, பி ஃபிளாட் மேஜர்: மசூரின் துள்ளல், நடுவே இடக்கையில் ஆதாரச் சுருதி போல ஒரே இரட்டை ஸ்வரம் நின்றுகொண்டிருக்க மேலே விசித்திரமான மெட்டு ஒன்று தணிந்த குரலில் வரும். இந்த மூன்றிலும் இடக்கையை மட்டும் கவனித்துக் கேளுங்கள். இடக்கை ‘ஊம்-பா-பா’ என்று சமமாக ஓடினால் அது வால்ட்ஸ். வேறு எவ்வளவு அழகாக இருந்தாலும் மசூர்க்கா அல்ல.

கருந்தட்டு

நல்ல தொடக்கம் சார். பியானோ கலைஞர் ரூபின்ஸ்டைனை இந்தச் சோதனையில் வைத்தால் ஒரு விஷயம் தெளிவாகும். அவர் மசூர்க்காத் தொகுப்பை மூன்று முறை பதிவு செய்தார்: 1938-39-இல் எச்எம்வி-க்கு, 1952-53-இல் ஆர்சிஏ-க்கு மோனோவில், 1965-66-இல் ஆர்சிஏ-க்கே ஸ்டீரியோவில். கடைகளிலும் இணையத்திலும் முதலில் கண்ணில் படுவது மூன்றாவது. ஒலி சுத்தம், நிதானம், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நடனம் அதிகமாகக் கேட்பது 1938-39 பதிவில். வேகம் கூடுதல், அழுத்தங்கள் துணிச்சலாக விழுகின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பழையதையே வாங்கச் சொல்வேன். மேற்பரப்பு இரைச்சல் கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பழகிவிடும்.

அடுத்த பியானோ கலைஞர் இக்னாட்ஸ் ஃபிரீட்மன். கிராக்கோவை ஒட்டிய பொத்குர்ஷேயில் 1882-இல் பிறந்தவர். 1930 வாக்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் சில மசூர்க்காக்களைப் பதிவு செய்தார். முழுத்தொகுப்பு இல்லை, ஆனால் இருப்பது போதும். பழைய தட்டுகளிலிருந்து வார்ட் மார்ஸ்டன் மாற்றித் தந்த நாக்ஸோஸ் குறுந்தட்டு வரிசையைத் தேடுங்கள். வடிகட்டி வடிகட்டி மேல்ஸ்தாயி முழுவதையும் அழித்துவிட்ட மலிவுப் பிரதிகளும் உலவுகின்றன. அவற்றில் அந்த டி மேஜர் மசூர்க்காவின் இடக்கை வெட்டு மழுங்கிப் போயிருக்கும்.

பாலா_பியானோ

ஃபிரீட்மனைப் பிடித்தவர்கள் எல்லோரும் அவரை ‘அசல்’ என்கிறார்கள். அதை அப்படியே ஏற்க முடியவில்லை. சில இடங்களில் அவர் முதல் அடியை விழுங்கி இரண்டாவதை இழுக்கும் அளவு அதிகம். மாணவர் ஒருவர் அதை அப்படியே நகல் செய்தால் கேலிச்சித்திரம் ஆகிவிடும். மசூர்க்கா வாசிப்புக்கென்று போலந்து வானொலி தரும் பரிசு 1927-இல் நடந்த முதல் ஷோபான் போட்டியிலேயே இருந்தது; அதை வென்ற ஹென்ரிக் ஷ்டோம்ப்கா பின்னாளில் போலந்து இசைத்தட்டு நிறுவனமான மூசாவுக்குப் பதிவு செய்தவற்றைக் கேளுங்கள். வளைவு இருக்கிறது, ஆர்ப்பாட்டம் இல்லை. 1955-இல் அதே பரிசை வென்ற ஃபூ ட்ஸோங் போலந்தவர் அல்லர், சீனர். அவருடைய மசூர்க்காக்களில் இருக்கும் நுட்பம் ‘மண்ணில் பிறந்தால்தான் வரும்’ என்ற வாதத்துக்கு நல்ல பதில்.

இன்னொரு செய்தி. ஷோபானே சமமாக வாசிக்கவில்லை என்பதற்குச் சாட்சிகள் உண்டு. பியானோ கலைஞர் சார்ல்ஸ் ஹாலே அவர் வாசித்ததைக் கேட்டு, இது மூன்றடி அல்ல, நான்கடி போல ஒலிக்கிறது என்றார். ஷோபான் மறுத்தார். ஹாலே சத்தமாக நான்கு நான்காக எண்ணிக் காட்டிய பிறகு சிரித்துக்கொண்டே, அந்த நடனத்தின் தேசியக் குணமே அதுதான் என்று விளக்கினார். ஓபஸ் 33-இன் சி மேஜர் துண்டை இசையமைப்பாளர் மையர்பேர் இரண்டடி என்று சொன்னதும் ஷோபான் கோபப்பட்டதை அவருடைய மாணவர் வில்ஹெல்ம் ஃபான் லென்ஸ் எழுதிவைத்திருக்கிறார். கவனிக்க வேண்டியது, ஹாலே சொல்வது முதல் அடி நீண்டதைப் பற்றி. ஆகவே ‘இரண்டாவது அடியை நீட்டு’ என்று ஒரே விதி போடுவது தவறு.

மீட்டல்

பாலா, இதை வாதமாக விடாமல் அளந்துவிடலாம். சோனிக் விஷுவலைசர் என்ற இலவச மென்பொருள் போதும்.

ஒலிக்கோப்பைத் திறந்து, நேரப்புள்ளிகளுக்கான புதிய அடுக்கு ஒன்றைச் சேருங்கள். பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு அடிக்கும் அரைப்புள்ளி விசையைத் தட்டுங்கள். வேகமான ஒபெரெக்குக்கு ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம், சுருதி மாறாது. இப்போது கிடைப்பது உங்கள் விரலின் நேரம், பியானோவின் நேரம் அல்ல. பல மில்லிநொடிப் பிழை அதில் நிச்சயம் இருக்கும். அதனால் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியைப் படமாகக் காட்டும்) அடுக்கைத் திறந்து, ஒவ்வொரு புள்ளியையும் சுத்தியல் கம்பியில் பட்ட செங்குத்துக் கோட்டுக்கு நகர்த்துங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு முடிவு சொல்பவர்களே அதிகம். இரு கையும் ஒன்றாக விழாத இடங்களில் இடக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கலைஞர்கள் வலக்கையை வேண்டுமென்றே பின்தள்ளுவார்கள். பிறகு அட்டவணையாக ஏற்றுமதி செய்து, ஒவ்வொரு அடியும் தன் சுற்றில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். சமமாக இருந்தால் ஒவ்வொன்றும் 33.

பார்க்க வேண்டியது இரண்டு எண்கள்: சுற்றுக்குள் அடிகள் எவ்வளவு மாறுகின்றன, சுற்றின் மொத்த நீளம் எவ்வளவு மாறுகிறது. அடிகள் நன்றாக மாறியும் சுற்றின் நீளம் ஏறக்குறைய நிலையாக நின்றால் ஆட முடியும். அடிகள் சமமாக இருந்து, சுற்றுகள் நீண்டும் குறுகியும் போனால் அது உணர்ச்சிகரமான வரவேற்பறை வாசிப்பு. ஃபிரீட்மன் மிகையா இல்லையா என்ற கேள்விக்கு இந்த இரண்டாவது எண்தான் பதில் சொல்லும், முதலாவது அல்ல.

இசை ஆய்வாளர்கள் நிக்கோலஸ் குக்கும் கிரெய்க் சாப்பும் லண்டனில் இதே வழியில் ஏராளமான மசூர்க்காப் பதிவுகளை அளந்தார்கள். அதிலிருந்துதான் பிரிட்டிஷ் பியானோ கலைஞர் ஜாய்ஸ் ஹாட்டோ பெயரில் வெளிவந்த மசூர்க்காக்கள் உண்மையில் யூஜின் இன்ஜிக் என்ற வேறொரு கலைஞரின் பதிவுகள் என்று 2007-இல் தெரிந்தது. இரண்டு மனிதர்களின் கை அவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகாது.

ஒப்பிடும்போது எண்ணை நம்பாமல் சுருதியைப் பார்த்துத் துண்டை அடையாளம் காணுங்கள். ஓபஸ் 41-இல் பழைய பதிப்புகள் சி ஷார்ப் மைனரை எண் 1 என்கின்றன. யான் எகியேரின் தேசியப் பதிப்பு அதையே எண் 4 என்கிறது. எண்ணை மட்டும் பார்த்துக் கோப்புகளை அடுக்கினால் இ மைனரையும் சி ஷார்ப் மைனரையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஊர்ப்பாட்டு

பியானோவை அளப்பதற்கு முன்னால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பது வேண்டாமா? மத்தியப் போலந்தின் சமவெளி வட்டாரமான மாசோவ்ஷேயில் கிராமத்துப் பழைய இசைக்குழுவில் மூன்றே பேர்: பிடில், பாஸி, பெம்பெனெக். பாஸி என்பது செல்லோ அளவிலான, வில்லால் இழுக்கும் முரட்டு வாத்தியம். விரல் வைக்காமல் திறந்த கம்பியிலேயே பெரும்பாலும் வாசிப்பார்கள். ஆகவே அது ஒரே நேரத்தில் சுருதியும் தாளமும். பெம்பெனெக் சலங்கை கட்டிய தட்டைத்தோல் கருவி. கைத்துருத்தி ஆர்மோனியம் (அக்கார்டியன் வகை) பிறகு வந்து பல ஊர்களில் பாஸியை விரட்டிவிட்டது. அத்தோடு பல பாட்டுகளின் மெட்டும் நேராக்கப்பட்டது, ஏனென்றால் பொத்தானில் இல்லாத ஸ்வரத்தை வாசிக்க முடியாது. பிடில்காரர்கள் வைத்திருந்த ஏற்ற இறக்கமான மூன்றாம், நான்காம் ஸ்வரங்கள் அந்த ஊர்களில் அப்படித்தான் போயின.

எங்கே கேட்பது? போலந்து வானொலியின் ‘மூசிகா ஜ்ருடெவ்’ குறுந்தட்டு வரிசை. வட்டாரம் வட்டாரமாகத் தொகுத்திருக்கிறார்கள். முதலில் மாசோவ்ஷே, பிறகு தெற்கு மலை வட்டாரமான பொத்ஹாலே. போருக்கு முன் போஸ்னானிலும் வார்சாவிலும் சேர்த்த மெழுகு உருளைத் தொகுப்புகள் இரண்டாம் உலகப் போரில் அழிந்தன. யாத்விகா, மரியான் சோபியெஸ்கி தம்பதி போருக்குப் பின் மறுபடி தொடங்கினார்கள். 1950-54-இல் நாடு முழுவதும் நடந்த சேகரிப்பும் அவர்கள் தலைமையில்தான். இன்று நம்மிடம் இருக்கும் பழைய அடுக்கு அதுதான். இந்த இழையில் யார் எந்தப் பியானோ கலைஞரைப் பரிந்துரைத்தாலும், நான் அதற்கு முன்னால் அந்தத் தொகுப்பில் நான்கு பிடில்காரர்களைக் கேட்கச் சொல்வேன்.

இன்றைய குழுக்களில் யானுஷ் புருசினோவ்ஸ்கியின் குழு. முதல் தொகுப்பு ‘மசுர்கி’, 2008. அந்தப் பிடில் வில் இரண்டாவது அடியில் கொஞ்சம் முன்கூட்டியே இறங்குவதைக் கேட்டுவிட்டு ஷோபானுக்குத் திரும்பினால், திஸ்ரநடை சொன்ன இடக்கைச் சோதனை தானாகப் புரியும்.

கமகம்

மெட்டு விஷயத்தையும் பேச வேண்டும். கர்நாடக இசை கேட்ட காதுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ஷோபானின் ஓபஸ் 68 எண் 3, எஃப் மேஜர்; நடுப்பகுதியில் இடக்கை பி ஃபிளாட்டும் எஃப்-பும் சேர்ந்து சுருதியாக நிற்க, மேலே இ நேச்சுரல் வருகிறது. பி ஃபிளாட்டை ஸட்ஜமாக வைத்தால் அது பிரதி மத்திமம். அதாவது கல்யாணியின் ஸ்வரங்கள். பொத்ஹாலே மலைக்காரர்களின் மெட்டுகளில் இதே பிரதி மத்திமத்தோடு சில நேரம் கைசிகி நிஷாதமும் சேரும். அப்போது வாசஸ்பதியின் ஸ்வரங்கள். ராகம் என்று சொல்லவில்லை. கமகமும் இல்லை, சஞ்சாரமும் வேறு. ஸ்வரத்தைக் காது உடனே பிடித்துக்கொள்ளும் என்பதோடு ஒப்பீடு முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டுப் போலந்து இசையமைப்பாளர் ஷிமனோவ்ஸ்கிக்குப் போவதற்கு இதுதான் வாசல். ஓபஸ் 50, இருபது மசூர்க்காக்கள், 1924-25. முதலாவதைக் கேளுங்கள்: தனித்த ஒற்றை மெட்டு, கீழே வெறும் ஐந்தாம் ஸ்வர இணைப்பு, அந்த உயர்ந்த நான்காம் ஸ்வரம். பொத்ஹாலேயின் ஸாகோபானே ஊரில் பார்துஷ் ஒப்ரோஹ்தா போன்ற பிடில்காரர்கள் வாசித்த மலை இசை அப்படியே பியானோவில் இறங்கியிருக்கிறது.

ஊர்ப்பாட்டு

‘அப்படியே’ இல்லை, கமகம். மலைக்காரர்களின் நடன இசை இரண்டடித் தாளம். மசூர்க்கா சமவெளியின் மூன்றடி. ஷிமனோவ்ஸ்கி செய்தது மலையின் ஸ்வரவரிசையை எடுத்துச் சமவெளியின் தாளத்தில் உட்கார வைத்தது. எந்தக் கிராமத்திலும் அப்படி ஓர் இசை இருந்ததில்லை. அதனால்தான் ஓபஸ் 50-ஐ ‘நாட்டுப்புறமாக’ வாசிக்க முயலும் கலைஞர்கள் தடுமாறுகிறார்கள்: மாசோவ்ஷே போல அடிகளை வளைத்தால் மலையின் விறைப்பு போய்விடும், விறைப்பாக வைத்தால் மசூர்க்கா போய்விடும்.

மலைக்குழுவின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் விளங்கும். ப்ரிம் என்ற முதல் பிடில் மெட்டு வாசிக்கும். செகுண்ட் பிடில்களும் மூன்று கம்பி பாஸியும் ஒவ்வோர் அடியிலும் சேர்ந்து சம அழுத்தத்தோடு இழுக்கும். அங்கே வளைவு கிடையாது.

பாலா_பியானோ

அருமையான விளக்கம். அதன்படி பார்த்தால் மார்க்-ஆந்த்ரே ஹாம்லின் ஹைப்பீரியனில் பதிவு செய்த ஷிமனோவ்ஸ்கி மசூர்க்கா முழுத்தொகுப்பு தெளிவுக்கு முதலிடம். குரல்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களில் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகக் கேட்கும். அதில் ஓபஸ் 62-இன் இரண்டு மசூர்க்காக்களும் உண்டு. ஆனால் மண்வாசம் குறைவு. பியோத்தர் அந்தெர்ஷெவ்ஸ்கி 2024-இல் பார்டோக், யானாசெக்கோடு சேர்த்து ஓபஸ் 50-இலிருந்து சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து வெளியிட்டார். தொடக்கக்காரர்களுக்கு அதைத்தான் சொல்வேன். இருபதையும் ஒரே மூச்சில் கேட்பது எவருக்கும் பயன்படாது, நான்கு நான்காகக் கேளுங்கள்.

கருந்தட்டு

ஆர்கெஸ்ட்ராவுக்குப் போவோம். ஷிமனோவ்ஸ்கியின் ‘ஹர்னாசியே’ பாலேக்கு சைமன் ராட்டில் பர்மிங்ஹாமில் செய்த பதிவு ஒன்று, அந்தோனி வித் வார்சாவில் நாக்ஸோஸுக்குச் செய்தது ஒன்று. ராட்டிலிடம் பளபளப்பு, வித்திடம் முரட்டுத்தனம். இந்தப் படைப்புக்கு முரட்டுத்தனமே பொருத்தம்.

அடுத்து இன்னொரு போலந்து இசையமைப்பாளர் லூத்தோஸ்வாவ்ஸ்கியின் ஆர்கெஸ்ட்ராவுக்கான கன்செர்ட்டோ, 1950-54. நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் கோல்பெர்க் 19-ஆம் நூற்றாண்டில் சேகரித்த மாசோவ்ஷே மெட்டுகள்தான் கச்சாப்பொருள். ஆனால் மெட்டாகக் கேட்காது. உடைத்து, செங்கல் செங்கலாக அடுக்கியிருப்பார். 1954 நவம்பர் 26 அன்று வார்சாவில் முதலில் நடத்தியவர் வித்தோல்த் ரோவிட்ஸ்கி. படைப்பே அவருக்குத்தான் காணிக்கை. அவர் 1960-களில் வார்சா ஃபில்ஹார்மோனிக்கோடு செய்த பதிவைத் தவறவிடாதீர்கள். சேஜி ஒசாவா 1970-இல் சிகாகோவில் செய்தது வாத்தியத் திறமைக்கு உச்சம். இசையமைப்பாளரே கத்தோவித்சே வானொலி ஆர்கெஸ்ட்ராவை நடத்தி 1970-களில் இஎம்ஐ-க்குச் செய்தது கட்டமைப்பைப் புரிந்துகொள்ள.

ஒலிபெருக்கிக்கும் இது நல்ல பரீட்சை. தொடக்கத்தில் விடாமல் அடிக்கும் எஃப் ஷார்ப் கான்ட்ராபாஸில் ஏறத்தாழ 46 ஹெர்ட்ஸ். சின்ன ஒலிபெருக்கியில் அடிப்படை ஸ்வரம் வராது, மேல்சுரங்கள் மட்டும் கேட்கும். அதே எஃப் ஷார்ப் அந்தப் பகுதியின் முடிவில் செலெஸ்டாவில் (மணி போல ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியத்தில்) உச்சஸ்தாயியில் திரும்பி வருகிறது. கீழே கேட்காதவர்களுக்கு மேலே வருவதன் பொருள் புரியாது.

புதிய_உறுப்பினர்_27

வணக்கம். பழைய மூசா எல்பி தட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. எக்ஸ்எல், எஸ்எக்ஸ்எல் என்று எண் போட்டிருக்கிறது. எதை எடுப்பது? கணினியில் ஏற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கருந்தட்டு

வாங்க தம்பி. எக்ஸ்எல் மோனோ, எஸ்எக்ஸ்எல் ஸ்டீரியோ. மோனோ தட்டைக் குறைவாக எடை போடாதீர்கள். 1950-களின் பல நல்ல வாசிப்புகள் அதில் மட்டுமே இருக்கின்றன. வாங்கும் முன் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பள்ளங்களைப் பாருங்கள். சாம்பல் பூத்தது போல மங்கலாக இருந்தால் கனமான ஊசியால் தேய்ந்தது. எவ்வளவு கழுவினாலும் உரத்த இடங்களில் கரகரக்கும். தூசி மட்டும் என்றால் பயமில்லை.

கழுவ காய்ச்சி வடித்த நீரும் சில துளி மென்மையான சோப்புக் கரைசலும் போதும், பிறகு வெறும் நீரால் அலசுங்கள். எல்பிக்கு நீர்த்த ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைச் சிலர் சேர்ப்பார்கள். 78 சுற்றுத் தட்டில் (எல்பிக்கு முந்தைய அரக்குத் தட்டில்) அதைத் தொடவே கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், தட்டு அத்தோடு போயிற்று. 78-க்கு ஊசியும் வேறு, எல்பி ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டும் எடுக்கும்.

பதிவுக்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கள். மோனோ தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் ஓட்டினால் இரு தடங்களையும் கூட்டி ஒன்றாக்குங்கள்; பள்ளத்தின் மேல்கீழ் அசைவில் இருந்து வரும் இரைச்சல் பெருமளவு அடங்கும். இரைச்சல் நீக்கியைத் தொடும் முன் மூலக்கோப்பைத் தனியே வைத்துவிடுங்கள்.

மீட்டல்

ஒன்றைச் சேர்க்கிறேன். நாட்டுப்புறத் தட்டுகளில் ‘கிளிக்’ நீக்கியைத் தானியங்கியில் விடாதீர்கள். பெம்பெனெக்கின் சலங்கை, ஆடுபவரின் குதிகால் தட்டு, வில் கம்பியைக் கவ்வும் ஓசை எல்லாமே குறுகிய கூர்மையான ஒலிகள்; மென்பொருளுக்கு அவை தட்டின் கீறலாகத் தெரியும். நீக்கப்பட்டதை மட்டும் தனியே கேட்கும் வசதி இருக்கும். அதில் தாளம் கேட்டால் அளவைக் குறையுங்கள். கீழ்வெட்டு வடிகட்டியை 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்ற வேண்டாம். கருந்தட்டு சொன்ன அந்த 46 ஹெர்ட்ஸ் ஸ்வரம் முதலில் பலியாகும்.

வில்லிசை

இழையில் போலந்து இசையமைப்பாளர் கிராஷினா பாட்செவிச்சின் பெயர் வரவில்லையே. 1952-இன் முதல் பியானோ குவின்டெட்டில் (பியானோவும் நான்கு தந்தி வாத்தியங்களும்) இரண்டாம் பகுதி முழுக்க ஒபெரெக். கிறிஸ்டியான் ஸிமெர்மான் டாய்ச் கிராமஃபோனுக்குச் செய்த தட்டில் இரண்டு குவின்டெட்டுகளும் நடுவே இரண்டாம் பியானோ சொனாட்டாவும் இருக்கின்றன. சொனாட்டாவின் கடைசிப் பகுதியும் அதே நடனத்தின் வேகம்தான். பாட்செவிச் தானே வயலின் கலைஞர். வில் எங்கே கடிக்க வேண்டும் என்று தெரிந்து எழுதியவர். திஸ்ரநடையின் சோதனையில் இது முதல் வகுப்பில் தேறும்.

கமகம்

வில் கடிப்பதென்றால் இசையமைப்பாளர் கிலாரின் ‘ஒராவா’வும் வேண்டும். 1986, பதினைந்து தந்தி வாத்தியங்கள், மலைக்குழுவின் செகுண்ட் இழுப்பையே பெருக்கியது. ஊர்ப்பாட்டு விளக்கிய அந்த வளையாத சம அழுத்தம் இதில் அப்படியே தெரியும். மெருகாக வாசிக்கும் குழுக்களிடம் இது சினிமாப் பின்னணி போல ஆகிவிடுகிறது.

திஸ்ரநடை

போலந்து இசையமைப்பாளர் குரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனியை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா? 1976-இல் எழுதியது. டான் அப்ஷா பாட, டேவிட் ஸின்மன் லண்டன் சின்ஃபோனியெட்டாவை நடத்திய 1992 நான்சச் தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதனாலேயே அதைத் தியான இசை என்று ஒதுக்குபவர்கள் உண்டு.

ஊர்ப்பாட்டு

கட்டாயம் சேர்க்க வேண்டும். மூன்றாம் பகுதியின் பாட்டு ஓபோலே வட்டாரத்து நாட்டுப்பாடல். சிலேசிய எழுச்சியில் காணாமல் போன மகனைத் தேடும் தாயின் புலம்பல். அதற்குக் கீழே இரண்டு கோர்வைகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், ‘கார்ட்’) மாறி மாறி ஆடிக்கொண்டிருக்கும். அவை எங்கிருந்து வந்தன என்று பாருங்கள்: நீங்கள் முதல் பதிவில் சொன்ன ஓபஸ் 17 எண் 4-இன் தொடக்கக் கோர்வைகள். மசூர்க்காவின் முதல் நான்கு சுற்றை மட்டும் கேட்டுவிட்டு உடனே மூன்றாம் பகுதியைப் போடுங்கள்.

பதிவுகளில் அப்ஷாவின் குரல் தூய்மை. ஸோஃபியா கிலானோவிச் பாடி வித் நடத்தியது சொற்களைக் கடித்துப் பாடுவது. புலம்பலுக்கு அதுவே பொருந்துகிறது. 1977-இல் ருவாயானில் முதலில் பாடிய ஸ்தெஃபானியா வொய்தோவிச்சின் மூசா பதிவு இரண்டையும்விடக் கனம்.

மீட்டல்

கேட்கும் முறை பற்றி ஒன்று. முதல் பகுதி கான்ட்ராபாஸில் மிக மெல்லத் தொடங்குகிறது. குரல்கள் ஒவ்வொன்றாக ஐந்தாம் ஸ்வர உயரத்தில் மேலே மேலே சேரும். தொடக்கம் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டினால் பத்து நிமிடம் கழித்துக் காது வலிக்கும். முதலில் குரல் நுழைவதற்குச் சற்று முந்தைய இடத்துக்குப் போய், தந்திகள் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலியளவை வையுங்கள், பிறகு ஆரம்பத்துக்குத் திரும்புங்கள். இணையத்தில் கேட்பவர்கள் செயலியின் ஒலி சமன்செய்யும் அமைப்பை அணைத்துவிடுங்கள், அல்லது தொகுப்பு அளவில் வையுங்கள். தனித்தனித் தடமாகச் சமன் செய்யும் அமைப்பில் மூன்று பகுதிகளுக்கிடையிலான உரப்பு வித்தியாசம் குலைந்துவிடும்.

பாலா_பியானோ

ஃபிரீட்மனின் டி மேஜரை மீட்டல் சொன்ன முறையில் யாராவது அளந்தால் முதல் 48 சுற்றுகளுக்கான அட்டவணையை இங்கே இடுங்கள். அதோடு ரூபின்ஸ்டைன் 1938-39, 1965-66 இரண்டும், ‘மசுர்கி’ தொகுப்பிலிருந்து ஓர் ஒபெரெக்கும் இருந்தால் நல்லது. அடிகளின் சதவீதம் ஒரு வரிசையில், சுற்றின் மொத்த நீளம் அடுத்த வரிசையில். சுற்றின் நீளம் பிடில்காரருடையதைவிட ஃபிரீட்மனுக்கு அதிகம் ஆடினால் என் வாதம் நிற்கும். இல்லையென்றால் கருந்தட்டு சார் சொன்னதே சரி.